அட்டிலியோவின் நூற்றுப் பதினான்கு கிலோ

அட்டிலியோ ப்ரந்தோனி 1994-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பத்தாம் தேதி, வியாழக்கிழமை காலையில் இறந்தார். அவருடைய எடை மட்டும் காரைவிட்டு இறங்கவில்லை. சவப்பெட்டியைத் தூக்கிய நால்வரும் மோந்தெஃபாஜோ ஊர்த் தேவாலயப் படிகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலிப் பெட்டியைத் தூக்கியதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். ஐந்தாம் நாள், மெக்கானிக் நசரேனோ பேட்டரிக்குச் சார்ஜ் போடுவதற்காக ப்ரந்தோனி வீட்டுக் கொட்டகையைத் திறந்தபோது, 1963-ஆம் வருடத்து வெளிர்நீல ஃபியட் 500 இடப்பக்கம் சாய்ந்து நின்றது. டயர்களில் காற்று சரியாக இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்த நசரேனோ உட்கார்ந்த வேகத்தில் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினான். "யாரோட மடியிலயோ உக்காந்த மாதிரி இருக்கு" என்றான். காரைக் கயிறு கட்டி இழுத்து ஆலிவ் எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோனார்கள். இருபத்தாறு வருடம் அட்டிலியோ ஆலிவ் மூட்டைகளை எடை போட்ட அதே மேடையில் ஏற்றினார்கள். தொழிற்சாலைக் கையேட்டின்படி ஐந்நூறு கிலோ இருக்க வேண்டிய கார் அறுநூற்றுப் பதினான்கு காட்டியது. மூன்று தடவை நிறுத்தார்கள், மூன்று தடவையும் அதே கணக்குதான். டாக்டரின் அட்டையில் அட்டிலியோவின் எடை நூற்றுப் பதினான்கு என்று இருந்தது. அந்த வாரம் ஊரில் இதைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த வாரம் ஆலிவ் மரங்களில் கண்ட பூச்சியைப் பற்றிப் பேசினார்கள்.

அவருடைய மனைவி அர்மிதா அம்மாளுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. அந்த மனிதர் எந்த இடத்தைவிட்டும் சீக்கிரம் கிளம்பியவர் அல்ல. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு அந்த அம்மாள் கொட்டகைக்குப் போய், முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்த வலப்பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். மடியில் ஒரு காகிதப் பொட்டலத்தில் சோம்பு பிஸ்கட் இருக்கும். அந்த வாரம் யார் வீட்டில் கூரை ஒழுகியது, யார் யாரோடு பேசுவதில்லை என்று வரிசையாகச் சொல்வார். சிரிக்கும்படி ஏதாவது வந்தால் கார் இடப்பக்கமாக இரண்டு மூன்று முறை குலுங்கும். அட்டிலியோ வயிற்றால் சிரிக்கிறவர். ஐந்து மணிக்கு அந்த அம்மாள் இறங்கிவிடுவார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் தான் மற்ற ஆறு நாளும் சமைத்துச் சாப்பிடுவதாக அர்மிதா அம்மாள் பாதிரியாரிடம் சொன்னார். பாதிரியார் அதில் பாவம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

இதற்கு இடையூறாக வந்தது அட்டிலியோவின் சொந்த ஆசைதான். பழைய சிறு கார்களுக்குத் தொன்மைச் சான்றும் ஒரு பித்தளைத் தகடும் வழங்குகிற பதிவகம் ஒன்று உண்டு. அந்தத் தகட்டுக்காக அவர் ஒன்பது வருடம் உழைத்திருந்தார். சரியான ஹாரனைப் பெருஜியா பழைய சாமான் சந்தையிலும், சரியான வைப்பர் கையை லூக்காவில் ஒரு கோழிப் பண்ணையிலும் கண்டுபிடித்தார். நீலப் பெயிண்டின் தொழிற்சாலை எண்ணைக் கேட்டு நாற்பத்திரண்டு கடிதம் எழுதினார். விண்ணப்பம் ஏற்கப்பட்டு, ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி பரிசோதனை என்று பதில் வந்தபோது அவர் இறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. விண்ணப்பித்தவர் இறந்தால் ஒரு வருடத்துக்குள் சான்று வாங்கிவிட வேண்டும், இல்லையேல் கோப்பு மூடப்படும் என்பது விதி.

அங்க்கோனாவிலிருந்து வந்த பரிசோதகர் ஸ்பதோனி எஃகு அளவுகோலோடு தரையில் மண்டியிட்டு, இடப்பக்கம் நாலரை சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பதாக எழுதினார். ஊர் கார் சங்கத்தின் தலைவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர் செல்சோ, மெல்லக் கனைத்தார்.

"சார், அது ஸ்பிரிங் கோளாறு இல்லீங்க. ஓனர் உள்ள உக்காந்திருக்காரு."

"அப்ப எறங்கச் சொல்லுங்க. சோதனை நடக்கறப்ப வண்டியில ஆள் இருக்கக் கூடாது. ஏழாவது விதி."

"சொன்னா கேக்கற ஆளா இருந்தா உயிரோட இருந்தப்பவே எறங்கியிருப்பாரே" என்றான் நசரேனோ. பரிசோதகர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அர்மிதா அம்மாள் எட்டு மாதம் யோசித்தார். தகடு வேண்டுமென்றால் அவரை இறக்க வேண்டும், அவர் வேண்டுமென்றால் ஒன்பது வருட உழைப்பைக் குப்பையில் போட வேண்டும். காரிலேயே உட்கார்ந்து, "ஏங்க, உங்களுக்கு எதுதாங்க வேணும்?" என்று பல ஞாயிறுகள் கேட்டார். கார் அசையவில்லை. வாழ்ந்த காலத்திலும் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அவர் வாய் திறந்ததில்லை. டிசம்பரில் ஒரு நாள் அந்த நாற்பத்திரண்டு கடிதங்களின் நகல்களையும் முதலிலிருந்து படித்துவிட்டு, அந்த அம்மாள் சாவியைக் கொண்டுபோய் நசரேனோவிடம் கொடுத்தார்.

செல்சோவும் நசரேனோவும் குளிர்காலம் முழுவதும் வேலை செய்தார்கள். முன்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கை மாற்றினார்கள். அட்டிலியோவின் உடம்புக்கேற்பக் குழிந்திருந்த இருக்கையைப் பிரித்து, சுருள்கம்பி, பஞ்சு, மேலுறை எல்லாவற்றையும் தொழிற்சாலை வரைபடத்தின்படி புதிதாக வைத்துத் தைத்தார்கள். இந்தக் கார்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பக்தி கிடையாது: கார் தொழிற்சாலையைவிட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அந்த நாளில் அதில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. ஜனவரி முடிவில் எடை மேடை ஐந்நூறு காட்டியது. பிப்ரவரி இரண்டாம் தேதி தகடு வந்தது. செல்சோ கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் கட்டிப்பிடித்தார். அர்மிதா அம்மாளிடம் வந்தபோது கைகளை இறக்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் மட்டமாக நின்றது. அந்த அம்மாள் ஐந்து மணிவரை உட்கார்ந்துவிட்டு, பொட்டலத்தைப் பிரிக்காமலே வீட்டுக்குப் போனார். இதைக் கேள்விப்பட்ட நசரேனோ பெயர்ச்சீட்டு ஒட்டிப் பத்திரமாக வைத்திருந்த அட்டைப்பெட்டியிலிருந்து பழைய இருக்கையின் கம்பி, பஞ்சு, மேலுறையை எடுத்து முன்பு இருந்தபடியே மாட்டிப் பார்த்தான். பழைய ஸ்பிரிங்கையும் மாட்டினான். மேடை ஐந்நூறுதான் காட்டியது. பிறகு ஊரே தேடியது. மதுக்கடையில் அவர் உட்காரும் நாற்காலியை நிறுத்தார்கள், கட்டிலை நிறுத்தார்கள். கல்லறைக் காவலர் கூடக் கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நூற்றுப் பதினான்கு கிலோ எங்கும் இல்லை. நசரேனோ அந்த வருடத்து ஈஸ்டர் பண்டிகைவரை மது தொடவில்லை.

மே மாதம் முதல் ஞாயிறு, அதாவது ஏழாம் தேதி, முப்பத்தெட்டுச் சிறு கார்கள் சதுக்கத்தில் கூடின. வருடாவருடம் அவை வரிசையாகப் புனித எர்மெதே மலைக்கோயிலுக்கு ஏறும். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த கார் கணக்கில் சேராது, தன் சக்கரத்தில் வர வேண்டும். தகடு வாங்கிய கார்தான் முன்னால் போகும். அதை ஓட்ட செல்சோ கையுறையோடு வந்து நின்றார்.

"யாரும் வேணாம். நானே ஓட்டிக்கறேன்" என்றார் அர்மிதா அம்மாள். 1967-இல் எடுத்த லைசென்ஸ் அவர் கைப்பையில் இருந்தது. ஒவ்வொரு முறையும் தவறாமல் புதுப்பித்திருந்தார், ஒரு நாளும் அட்டிலியோ ஸ்டியரிங்கைக் கொடுத்ததில்லை.

"அக்கா, இந்தக் கியர் லேசுல விழாது. ஒவ்வொண்ணுக்கும் கிளட்ச்ச ரெண்டு தடவ மிதிக்கணும்" என்றான் நசரேனோ.

"முப்பத்தொரு வருஷமா பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு வர்றேன்டா. உன் வண்டியப் பாரு, பொகைய அள்ளிக் கக்குது."

சதுக்கம் தாண்டி இரண்டாவது கியர் போட்டபோது எழுந்த சத்தம் மீன்கடைவரை கேட்டது. கேட்டால் அட்டிலியோ கண்ணை மூடிக்கொள்ளும் சத்தம் அது. அந்தக் கணமே கார் வலப்பக்கம் நாலரை சென்டிமீட்டர் தாழ்ந்தது. பின்னால் வந்த நசரேனோ அதைக் கண்ணால் பார்த்தான். மூன்றாவது கியரும் கரகரத்து விழுந்தபோது வலப்பக்கம் ஒரு முறை துள்ளி அடங்கியது. திறந்திருந்த துணிக்கூரை வழியாக அர்மிதா அம்மாளின் குரல் எல்லோருக்கும் கேட்டது: "வாயத் தொறக்காதீங்க. ஓட்டறது நான்."

மலைப்பாதையின் ஏழாம் கிலோமீட்டரில் ஒரு செங்குத்தான வளைவு உண்டு. பதினேழரைக் குதிரைச் சக்தி எஞ்சினுக்கு அது பெரிய ஏற்றம். அங்கே பக்கத்தில் இருப்பவர்கள் இறங்கி நடப்பார்கள், ஓட்டுபவர் மட்டும் காரை மேலே கொண்டுபோய் நிறுத்துவார். முதல் கூட்டத்திலிருந்து இதுதான் வழக்கம். வெளிர்நீலக் கார் பாதி வளைவில் திணறி நின்றது. அர்மிதா அம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார். இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் ஒரு முறை பார்த்தவர். பின்னால் முப்பத்தேழு எஞ்சின்கள் சூடேறிக்கொண்டிருந்தன. கடைசியில் குனிந்து, வலப்பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "எறங்குங்க. மெதுவா நடந்து வாங்க" என்றார். கார் நிமிர்ந்தது. அது கரகரப்பில்லாமல் முதல் கியரில் ஏறிப்போயிற்று.

வளைவுக்கு மேலே, நிழலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கதவைத் திறந்தே வைத்துக் காத்திருந்தார். சாலை காலியாக இருந்தது. மற்ற கார்களில் இருந்தவர்கள் வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு வரிசையாக நடந்து வந்து கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார்கள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. செல்சோ கடிகாரத்தைப் பார்த்தார், பதினொரு நிமிடம். "கனத்த ஆளு, ஏத்தத்துல நேரமாகும்" என்று நசரேனோ முணுமுணுத்தான். அர்மிதா அம்மாள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டாம் நிமிடம் வலப்பக்கத்து ஸ்பிரிங் முனகியது, கார் மெல்லச் சாய்ந்தது. அந்த அம்மாள் கையை நீட்டிக் கதவைச் சாத்தினார்.

அர்மிதா அம்மாள் இன்றும் ஓட்டுகிறார். சந்தைக்கோ டாக்டரிடமோ போக வேண்டியவர்கள் கை காட்டினால் நிறுத்துவார். ஏறுகிறவர்கள் கேட்காமலே முழங்காலைத் தாடைவரை மடக்கிப் பின்னால் நுழைந்துகொள்வார்கள். முன்னால் ஆள் இருக்கிறார்.