மாத்தாளு வரலை

என் வீட்டுக்காரர் மைதீன் பிச்சைக்குத் தொழுகை மறந்துபோனது. பெற்ற மகள் நூர்பானுவின் பெயர் மறந்துபோனது. சாப்பிட்டோமா இல்லையா என்பதும் மறந்துபோனது. மில் சங்கு மட்டும் மறக்கவில்லை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்தோரு வருடம் ரிங் பிரேம் மிஷினில் அறுந்த இழைகளை ஒட்டுகிற வேலை பார்த்தவர். ரிட்டையர் ஆகி ஐந்து வருடம் ஆன பிறகும், காலை ஏழு மணிக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் சங்கு ஊதினால் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சட்டிக்குள் ஒன்றும் இருக்காது. மில் வாட்ச்மேன் மலைச்சாமி, "பாய், ஒங்களுக்கு இன்னைக்கு லீவு" என்று சொல்லி வீட்டில் கொண்டுவந்து விடுவார்.

வேலையில் அவர் எப்படி என்று நான் சொல்லித்தான் ஆகவேண்டும். சங்கு ஊதினாலும் மாத்தாள் வந்து பக்கத்தில் நிற்காமல் பிரேமை விட்டு நகரமாட்டார். மாத்தாள் என்றால் அடுத்த ஷிப்டுக்கு வந்து மிஷினை வாங்கிக்கொள்கிற ஆள். அந்த ஆள் வரவில்லை என்றால் இவரே நின்று ஓ.டி. பார்ப்பார். அப்படிப்பட்ட நாட்களில் வேலை முடிந்து போகிறவர்கள் யாராவது சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தி, "பாய்க்கு மாத்தாளு வரலை, லேட்டாகும்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். பொங்கிய சோற்றை மூடி வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருப்பேன். கல்யாணமான புதிதில் அது கோபமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

தொண்ணூற்றி நாலாம் வருடம், ஆடி மாதம், மூன்றரைச் சங்குக்குக் கிளம்பி அவர் தென்காசி ரோட்டைக் கடந்தபோது மொபெட்டில் வந்த ஒருவன் இடித்துவிட்டான். இடது மணிக்கட்டு முறிந்தது. பின்னாலேயே லாரி ஒன்று வந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து வாசல் கதவில் அவர் கண்ணில் படாதபடி மேலே ஒரு தாழ்ப்பாள் அடித்தோம். சங்கு ஊதுவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே நான் எழுந்துபோய் அதைப் போட்டுவிடுவேன். சங்கு ஊதியதும் அவர் வந்து கதவைத் தள்ளுவார். திட்டமாட்டார், கத்தமாட்டார். "லேட்டாகுது, லேட்டாகுது" என்று மட்டும் அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். நூர்பானு பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவள் கொண்டுவந்து வைத்திருந்த பேண்டேஜ் துணியில் ஒரு முழம் கிழித்து அவர் காலைக் கட்டிலோடு கட்டிவிட்டுப் போனேன். வரிசையில் நின்று வாங்கி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. வந்து பார்த்தால், கட்டின் தொங்கிய நுனியை இழை இழையாகப் பிரித்து, அறுந்த இழைகளை விரல் நுனியில் முறுக்கி ஒட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு அவிழாமல் காலிலேயே இருந்தது. அது இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேனிலிருந்து மண்ணெண்ணெயை ஸ்டவ்வில் ஊற்றினேன், முடிச்சை அவிழ்த்தேன், உலை வைத்தேன்.

அன்று சாயங்காலம் நூர்பானுவிடம் சொன்னேன், எங்கேயாவது ஒரு விடுதியில் சேர்ப்போம் என்று.

"புள்ளையில்லாதவுகள மாதிரி அத்தாவக் கொண்டுபோயி விடணுமாம்மா? நம்ம சனங்க என்ன பேசும்?"

"பேசுறவுகள வந்து காலக் கட்டச் சொல்லு" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னோடு கிளம்பிவிட்டாள். அவரை என் நாத்தனார் சௌதா பார்த்துக்கொண்டாள்.

முதலில் பார்த்தது ராஜபாளையத்திலேயே. மொசைக் தரை, ஆளுக்கொரு ஃபேன், மத்தியானம் ரசத்தோடு சாப்பாடு. நூர்பானுவுக்கு முகம் தெளிந்துவிட்டது. வீட்டிலிருந்து நடந்தே வந்து பார்க்கலாம். தொகை எவ்வளவு என்று நான் கேட்கப்போன நேரம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே ஊதுவது போல மூன்றரைச் சங்கு. நான் எழுந்துவிட்டேன். விடுதி நடத்துகிற அம்மாவுக்கு என்ன குற்றம் நடந்தது என்றே புரியவில்லை.

இரண்டாவது இடத்தில், வருகிறவர் தன் பெயர், ஊர், வயது மூன்றையும் தானே சொல்ல வேண்டுமாம். அப்போதுதான் சேர்ப்பார்களாம். "அதெல்லாம் சொல்லத் தெரிஞ்சா நான் எதுக்கு இங்க வாரேன்?" என்று கேட்டேன். நூர்பானு என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள்.

மூன்றாவது ஸ்ரீவில்லிபுத்தூரில், மலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிற பாதையில். பழைய நெல் குடோனை வெள்ளையடித்து விடுதியாக்கியிருந்தார்கள். நீளமான ஒரே ஹால். இரண்டு பக்கமும் பத்துப் பத்து இரும்புக் கட்டில், நடுவில் நடக்க வழி. தரை சிமெண்டுதான், அங்கங்கே பெயர்ந்திருந்தது. நான் தரையைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு ஆடு கத்தியது.

"பக்கத்துல மில்லு ஏதும் இருக்கா?"

வார்டன் ராஜரத்தினம் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "மில்லும் கெடையாது, சத்தமும் கெடையாதும்மா. விடியக்காலைல கோயில்ல பாட்டுப் போடுவாக. அம்புட்டுதான்."

"இதுதான்" என்று நூர்பானுவிடம் சொன்னேன். அவள் பெயர்ந்த சிமெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜரத்தினம் உடனே தலையாட்டிவிடவில்லை. மறதி வந்தவர்களைச் சேர்த்து முன்பு பட்டிருக்கிறார்களாம். "ஒரு வாரம் வச்சுப் பாக்கோம். ஒத்து வரலைன்னா கூட்டிட்டுப் போயிரணும். அப்ப வந்து அழுது பெரண்டு பிரயோசனமில்ல."

"நான் அழ மாட்டேன்" என்றேன். அது உண்மைதான்.

அவரைக் கூட்டிப்போவதுதான் கஷ்டமாக இருக்கும் என்று பயந்தேன். மில்லைத் தவிர வேறு எங்கே கூப்பிட்டாலும் அவர் வருவதில்லை. அதனால் ஒரு பொய் சொன்னேன். காலை ஏழு மணிச் சங்கு ஊதியதும் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, "ஸ்ரீவில்லிபுத்தூர்ல மில்லு புதுசா ஒண்ணு போட்டிருக்காக. ஆளு பத்தலையாம். ஒங்கள அங்க அனுப்பச் சொல்லியிருக்காக" என்றேன். தூக்குச்சட்டியில் உண்மையாகவே சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தேன். அவர் சட்டை பட்டனைத் தானே போட்டுக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஹால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தார். "பெரிய மில்லுதான்" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று திரும்பும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. ராஜரத்தினம்தான். "வந்து கூட்டிட்டுப் போயிருங்கம்மா. ஆளு ஒக்கார மாட்டேங்கிறாரு."

நூர்பானு வேலைக்குப் போயிருந்தாள். நான் மட்டும் போனேன். போகும் வழியெல்லாம் ஒரே யோசனை. கூட்டிவந்தால் மறுபடி அந்தத் தாழ்ப்பாள், அந்தப் பேண்டேஜ் துணி. கேட்பதற்கு இன்னொரு இடம் கிடையாது. அவரை நினைத்து நான் வருத்தப்படவில்லை. என்னை நினைத்துத்தான் பயமாக இருந்தது.

ஹாலில் மத்தியானச் சாப்பாடு முடிந்து மற்றவர்கள் படுத்திருந்தார்கள். இவர் மட்டும் கட்டில் வரிசைக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கட்டிலின் கம்பியருகிலும் லேசாகக் குனிவார், கட்டுப்போடாத வலது கை விரல்களால் எதையோ கிள்ளி ஒட்டுவார், நகர்வார். கடைசிக் கட்டில் வந்ததும் திரும்பி எதிர் வரிசை. இரண்டு பாதமும் வீங்கிப் பளபளவென்றிருந்தன.

"மூணு நாளா இப்படித்தான்" என்றாள் ஆயா சுடலைமாடத்தி. "சோறு குடுத்தா நின்னுக்கிட்டே தின்னுதாரு. ராத்திரியில அசந்துபோயி கீழ விழுந்து செத்த நேரம் தூங்குதாரு. முழிச்சா மறுபடி நட. உக்காருங்க பாய்னா, மாத்தாளு வரலைங்கிறாரு. அது யாரு அக்கா, மாத்தாளு? ஒங்க மகனா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மில் என்று சொல்லிக் கூட்டிவந்தவள் நான். சங்கு கேட்காத இடமாகத் தேடித் தேடிப் பிடித்தவளும் நான். சங்கு ஊதவில்லை, மாத்தாளும் வரவில்லை, மனுஷன் எப்படி மிஷினை விட்டுவிட்டு உட்காருவார்? ஊரெல்லாம் தெரிந்த விஷயம், முப்பது வருடம் சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சுடலைமாடத்தியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"சங்கு ஊதியாச்சு பாய். நான்தான் மாத்தாளு. நீங்க எறங்குங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குக் கேக்கலையே."

"இங்க சத்தம் கொறைச்சலாத்தான் ஊதுவாக" என்று நான் குறுக்கே சொன்னேன்.

என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்க்கிற பார்வை இல்லை. பிறகு சுடலைமாடத்தியிடம், "நாலாவது பிரேம்ல இழை ரொம்ப அறுகுது. பாத்துக்க" என்று நாலாவது கட்டிலைக் காட்டினார். அதில் படுத்திருந்த கிழவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். சுடலைமாடத்தி போய் அந்தக் கம்பியைத் தடவினாள். இரண்டு நிமிடம் அவள் வேலையைக் கவனித்துவிட்டு, திருப்திப்பட்டவராகத் தன் கட்டிலில் உட்கார்ந்தார்.

வாசலில் நின்ற ராஜரத்தினம் நிம்மதியாக மூச்சு விட்டார். நானும் விட்டேன். அடுத்த நொடி என் வீட்டுக்காரர் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்தார். தோளில் துண்டைப் போட்டார். ஷிப்டு முடிந்துவிட்டதே, வீட்டுக்குப் போக வேண்டாமா.

இதை நான் யோசிக்கவில்லை. மாத்தாள் வராவிட்டால் உட்காரமாட்டார். வந்துவிட்டால் இருக்கமாட்டார். வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்னோடு பஸ் ஏறிவிடுவார். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. நூர்பானுவாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

"ஏங்க" என்றேன். "அடுத்த ஷிப்டுக்கு ஆளு கம்மியாம். ஒங்கள ஓ.டி. பாக்கச் சொல்லி மேஸ்திரி சொன்னாரு. அதுவரைக்கும் இங்கயே செத்தப் படுத்து எந்திரிப்பிங்களாம்."

அவர் சட்டியைக் கையில் வைத்தபடி யோசித்தார். பிறகு சட்டியைப் பழையபடி கட்டிலுக்கடியில் வைத்தார்.

"சரி. நீ வீட்டுக்குத்தான போற?"

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

எங்கள் தெருப் பெயரைச் சொன்னேன்.

"அட, நம்ம தெருதான். அப்ப எங்க வீட்டுல ஒரு சத்தம் குடுத்துட்டுப் போயிரு. மெகராஜ் பேகம்னு கேளு. இன்னைக்கு மாத்தாளு வரலை, லேட்டாகும்னு சொல்லு. அவ சாப்பிடாம குத்தவச்சிருப்பா. எனக்காகக் காத்துக்கிட்டிருக்க வேணாம், சாப்பிட்டுப் படுக்கச் சொல்லு. மறந்துராத."

"மறக்க மாட்டேன்" என்றேன்.

அவர் படுத்துக்கொண்டார். சுடலைமாடத்தி வீங்கிய கால்களுக்குக் கீழே ஒரு தலையணையை வைத்தாள். இனித் தினமும் தானே இப்படி வந்து நிற்பதாகச் சொன்னாள். ராஜரத்தினம், "இப்படியே ஓடும்னா இருக்கட்டும்மா" என்றார். வேண்டிக்கொண்டு வந்தது நடந்துவிட்டது. நான் அவருக்கு நன்றி சொன்னதாகத்தான் ஞாபகம்.

வீட்டுக்கு வந்து சேர மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. காலையில் பொங்கிய சோறு மூடியபடியே இருந்தது. தட்டை எடுக்கப்போனவள் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபத்தைந்து. நேராகப் போய் வாசல் கதவில் மேல் தாழ்ப்பாளைப் போட்டேன். சங்கு ஊதி அடங்கியது. கதவைத் தள்ள யாரும் வரவில்லை. கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுக்காமலே கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவருக்கு லேட்டாகுமாம். சாப்பிட்டுவிட்டுப் படுக்கச் சொல்லியிருந்தார். சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன்.