எதிலிருந்து எடுத்தது

மூன்று குழந்தைகளின் இரத்தத்தில் இருந்த கிருமியும் என் அக்காவின் கையில் இருந்த கிருமியும் ஒன்றுதான் என்று எங்கள் ஆய்வகம் திங்கட்கிழமை சொன்னது. அக்கா இருபத்திரண்டு வருடங்களாகப் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நர்ஸ். அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை வெள்ளிக்கிழமை. குழந்தைகள் தேறி வருகிறார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

நான் தம்பி என்பதால் அறிக்கையில் கையெழுத்துப் போடக் கூடாது என்று எங்கள் தலைவர் என்னை ஒதுக்கி வைத்தார். மிஞ்சியது ஒரு வேலை. கிருமிகளின் மரபணு வரிசையைத் தேசிய உயிரித் தகவலியல் மையத்துக்கு அனுப்ப வேண்டும். நாடு முழுவதிலிருந்தும் வருவதை அங்கே சேர்த்து வைக்கிறார்கள். புதிதாக ஒன்று வந்தால், அதன் சொந்தபந்தம் முன்பே எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று தேடிச் சொல்வார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறையில் குழாயைத் திறந்து வைத்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விரல் முட்டிகளெல்லாம் சிவந்து வெடித்திருந்தன.

"வேலை போனா போகட்டும்டா. என் கையிலிருந்துதான் அதுங்களுக்குப் போச்சா? அதை மட்டும் சொல்லு."

எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

"உன்கிட்ட கேக்கறதுக்கு இந்தச் சுவத்தைக் கேக்கலாம்," என்று குழாயை மூடினாள்.

செவ்வாய்க்கிழமை காலை, நான் அனுப்பிய படிவம் திரும்பி வந்தது. கூடவே மையத்தின் தரவு அலுவலரிடமிருந்து போனும் வந்தது. ஒரு கட்டத்தையும் காலியாக விட மாட்டார் என்பதால் எங்கள் ஆய்வகத்தில் அவருக்குக் கட்டம்மா என்று பெயர்.

"எதிலிருந்து எடுத்ததுன்னு ஒரு கட்டம் இருக்கு சார். நாலுக்கும் 'மருத்துவமனை'ன்னு போட்டிருக்கீங்க."

"மருத்துவமனைதான் மேடம்."

"மருத்துவமனைல எது? சுவரா, கதவா, டாக்டரா?"

"மூணு குழந்தைங்களோட ரத்தம். நாலாவது ஒரு நர்ஸோட கை."

"எந்தக் கை?"

"மேடம், வெள்ளிக்கிழமை விசாரணை இருக்கு. நீங்க முதல்ல தேடிச் சொல்லுங்க, கட்டத்தை அப்புறம் நிரப்பிக்கலாம்."

"அப்புறம்னு சொன்ன ஒருத்தரும் இதுவரைக்கும் நிரப்பினதில்ல சார். கழுவறதுக்கு முன்னாடி எடுத்ததா, பின்னாடியான்னும் கேட்டு எழுதுங்க."

போனை வைத்தேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்து, "மாட்டினியா?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஒருத்தியின் வாழ்க்கையே ஊசலாடுகிறது, அங்கே கட்டம் நிரப்புகிறார்களாம்.

அக்காவுக்குப் போன் செய்தேன். அவளுக்குக் கோபம்.

"கழுவாம குழந்தையைத் தொடுவேனா நான்? பஞ்சுக் குச்சியால துடைச்சு ஸ்வாப் எடுக்க உங்க ஆய்வகத்துக்காரங்க வந்தப்பகூட அப்பதான் கழுவிட்டு வந்திருந்தேன். கழுவி, துடைச்சு, கிரீம் தடவிட்டு வலது உள்ளங்கையை நீட்டினேன்."

"என்ன கிரீம்?"

"வார்டுல வச்சிருக்கறதுதான். ஒரு நாளைக்கு அறுபது தடவை கழுவினா கை என்னத்துக்காகும்? அது இல்லன்னா தோலே உரிஞ்சிடும்."

அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்: வலது உள்ளங்கை, சோப்புப் போட்டுக் கழுவி, வார்டின் கை கிரீம் தடவிய பின் எடுத்தது. எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தொல்லை விட்டது என்று அனுப்பினேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்குப் பதில் வந்தது. மையத்தில் இருந்த லட்சக்கணக்கான பதிவுகளில் ஒன்றே ஒன்று எங்கள் கிருமிக்கு உடன்பிறப்பு மாதிரி நெருக்கமாக இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் நாட்டின் வேறொரு கோடியிலிருந்த ஒரு மருத்துவமனை அனுப்பியது. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு கடிதப் போக்குவரத்துகூடக் கிடையாது. எதிலிருந்து எடுத்தது என்ற கட்டத்தைப் பார்த்தேன்.

நர்ஸ்கள் பயன்படுத்தும் கை கிரீம். திறந்த பாட்டில். பம்பின் வாய்.

மூன்று தடவை படித்தேன். பிறகு தலைவரின் அறைக்கு ஓடினேன்.

ஒரு மணி நேரத்தில் வார்டிலிருந்து திறந்த பாட்டில்கள் ஐந்தும், ஸ்டோரிலிருந்து சீல் உடைக்காத பாட்டில்கள் இரண்டும் வந்தன. வியாழக்கிழமை மதியம், கிரீமைத் தடவி வைத்திருந்த வளர்ப்புத் தட்டுகளைத் திறந்தபோது ஏழிலும் கிருமி வளர்ந்திருந்தது. விரைவுச் சோதனையில் அதே கிருமி. தயாரிக்கும் இடத்திலேயே கலந்திருக்கிறது. மையம் அன்று மாலையே எல்லா மருத்துவமனைகளுக்கும் அறிவிப்பு அனுப்பியது.

நன்றி சொல்லத் தரவு அலுவலரைக் கூப்பிட்டேன். அந்தப் பழைய பதிவை எழுதியது யார் என்று கேட்டேன். அவர் திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்தார்.

"ஒரு டாக்டர். முதல்ல அவரும் 'மருத்துவமனை'ன்னுதான் போட்டிருக்கார். நாலு தடவை திருப்பி அனுப்பியிருக்கேன். அங்க யாருக்கும் உடம்புக்கு வரல சார், வழக்கமான சோதனைல ஒரே ஒரு பாட்டில்ல கிடைச்சிருக்கு. யாரோ அழுக்குக் கையால தொட்டிருப்பாங்கன்னு விட்டுட்டாங்க. 'குப்பைல போட்ட பாட்டிலுக்கு எதுக்கும்மா இத்தனை கேள்வி'ன்னு போன்ல கத்தினார். கத்தி முடிச்சிட்டு எழுதிட்டார்."

"இது எதுக்காவது உதவும்னு அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"எப்படி சார் தெரியும்? படிக்கப் போறது யாருன்னே தெரியாதே."

தெரிந்தவர்களுக்காகப் பொறுப்பாக இருப்பது எனக்குப் புரியும். அக்கா அப்படித்தான், அவள் குழந்தைகள் அவள் கண்முன்னால் கிடக்கிறார்கள். ஆனால் முகம் தெரியாத ஒருவன் என்றோ வந்து தேடுவான், அவன் ஏமாந்து போகக் கூடாது என்று திட்டு வாங்கிக்கொண்டு நான்காவது முறையும் கேட்பதற்கு எப்படிப்பட்ட மனசு வேண்டும்? அந்த மையம் எத்தனை பெரிய கட்டடமோ, எத்தனை கணினிகளோ, எனக்குத் தெரியாது. இரண்டு வருடங்களாக என் அக்காவுக்காக அங்கே ஒரு வரி பத்திரமாக இருந்திருக்கிறது. அக்காவை அவர்களுக்குத் தெரியாது.

"உங்க சீல் உடைக்காத பாட்டிலையும் பதிவு பண்ணிடுங்க சார்," என்றார் அவர். "எல்லாருக்கும் தெரியணும்."

மாலை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப என் கையிலிருந்துதான் போயிருக்கு."

"கிரீம்லருந்துக்கா."

"கிரீம் தானா நடந்து போகாதுடா." எழுந்து போனை எடுத்தாள். "அதுங்க அம்மாக்கள்கிட்ட நான்தான் சொல்லணும். விசாரணைல இருக்கறவங்க சொல்லிக் கேள்விப்படக் கூடாது."

இரண்டு குழந்தைகள் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்தத் தாய்மார்களுக்குப் போனில் சொன்னாள். மூன்றாவது குழந்தை இன்னும் வார்டில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, விசாரணைக்கு அரை மணி நேரம் முன்னதாகவே நாங்கள் போனோம். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அந்தக் குழந்தையின் தாய் உட்கார்ந்திருந்தாள். அக்கா நின்றுகொண்டே சொன்னாள். கையைக் கழுவியது, கிரீம் தடவியது, குழந்தையைத் தூக்கியது, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் மன்னிப்புக் கேட்டாள்.

அந்தப் பெண் வார்டின் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கதவுக் கண்ணாடி வழியாக இன்குபேட்டர்களின் விளக்கு தெரிந்தது.

"அந்தப் பாட்டிலையெல்லாம் எடுத்தாச்சா?"

"இங்க எடுத்தாச்சும்மா."

"மத்த ஊர்ல?"

அக்கா என்னைப் பார்த்தாள். எடுத்துவிட்டதாகக் காலைக்குள் மையத்துக்குப் பதில் எழுதிய மருத்துவமனைகள் முப்பத்தொன்று. சொன்னேன்.

"அங்கெல்லாமும் குழந்தைங்க இருக்கா?"

"பதினாலு இடத்துல," என்றேன்.

அவள் பெஞ்சில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலியான இடத்தை அக்கா உடனே கவனிக்கவில்லை. பிறகு உட்கார்ந்தாள்.

"நேத்து இருபது கிராம் ஏறியிருக்கான்," என்றாள் அந்தப் பெண்.

"எத்தனை மணிக்கு எடை போட்டாங்க?" என்று கேட்டாள் அக்கா. "பால் குடுத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"