பயிற்சியாளர் பிங்காம் போட்ட சத்தம்

ஐந்து வருடத்தில் நான்கு கல்லூரிகள். எங்கள் பயிற்சியாளர் பிங்காமின் பிழைப்பு அப்படி. ஒரு பருவத்துக்கு வேலை, தோற்றால் ரயில். அவர் மனைவி கோரா பீங்கான் தட்டுகளை வைக்கோல் அடைத்த பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதையே விட்டுவிட்டாள். 1904இல் அமெரிக்காவின் அயோவாவிலிருந்த எங்கள் கல்லூரியின் நிர்வாகி ஸ்டோடார்ட் ஒரு வாக்குக் கொடுத்தார். நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் நாள் பண்டிகை ஆட்டத்தில் பக்கத்து ஊர்க் கல்லூரியை ஜெயித்தால் மூன்று வருட வேலை, இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம்.

நான், ஆம்ப்ரோஸ், அணியின் கேப்டன். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதும் எங்கள் கால்பந்தில் அது வெறும் பட்டமில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டால் கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பதினைந்து கஜம் அபராதம். யாரை வெளியே அனுப்புவது என்பதும் கேப்டன் பாடுதான். போனவன் திரும்பி வரவும் முடியாது.

நாங்கள் ஆறு புள்ளி, அவர்கள் ஐந்து. நான்கு நிமிடம் பாக்கி. பந்து அவர்கள் கையில், எங்கள் இலக்குக் கோட்டுக்கு இருபத்தைந்து கஜத்தில். அதற்குச் சற்று முன்னால்தான் எங்கள் ஆட்டக்காரன் வெண்டலின் தலையில் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் இடித்திருந்தது. வெண்டல் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

"ஆம்ப்ரோஸ், ஸ்கோர் என்னடா?"

"ஆறு, அஞ்சு. நாமதான் மேல."

அடுத்த மோதலுக்குப் பிறகும் அதையே கேட்டான். மூன்றாவது தடவையும் கேட்டான். போன மாதம் வேறொரு கல்லூரியில் இப்படி எழுந்து நின்றவன் இரவுச் சாப்பாட்டுக்குள் செத்துப்போனான். அது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் அணியில் எருமை மாதிரி இருந்த ஒருவனைத் தடுக்க வெண்டலை விட்டால் ஆளில்லை. நாலே நிமிடம்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெண்டல் நேராகப் போய் எதிரணி வரிசையில் நின்றான்.

"என்னடா, உங்க ஆளு எங்க பக்கம் சேந்துட்டானா? சோறு நல்லாப் போடுவோம்டா, வா!" என்று அவர்கள் இளித்தார்கள்.

சட்டையைப் பிடித்து அவனை இழுத்துவந்தேன். கோட்டருகே பிங்காம் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஆம்ப்ரோஸ்! அவன வெளிய அனுப்புடா! இப்பவே!" என்று பிங்காம் கத்தினார்.

நடுவர் விசில் ஊதினார்.

"யோவ் பிங்காம், வாய மூடுய்யா!" என்று ஸ்டோடார்ட் அலறினார்.

பிங்காம் காதில் வாங்கவில்லை. உள்ளே வந்து வெண்டலின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"கோச், ஸ்கோர் என்ன?"

"வா, நடந்துகிட்டே சொல்றேன்."

பதினைந்து கஜம் போனது. இரண்டே மோதலில் அவர்கள் எங்கள் இலக்குக் கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி எடுத்தார்கள். பதினொன்றுக்கு ஆறு என்று தோற்றோம்.

வெண்டல் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தான். மூன்றாம் நாள் கண் திறந்து சூப் கேட்டான். இன்னொரு அடி பட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் டாக்டர். அதற்குள் ஸ்டோடார்ட், பிங்காமின் சீட்டைக் கிழித்துவிட்டார்.

ஸ்டேஷனில் தட்டுப் பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறுபக்கம் பிங்காம். மனம் தாங்கவில்லை.

"சார், நான் முன்னாடியே கவனிச்சேன். மூணு தடவ ஸ்கோர் கேட்டான்."

அவர் தன் பக்கத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"தெரியும்டா. நீ மூஞ்சியத் திருப்புனப்பவே தெரிஞ்சிருச்சு. அதனாலதான் கத்த வேண்டியதாப் போச்சு."