மஞ்சளா, பச்சையா

தொட்டியை வாங்கி வைத்தவன் மகன். அது வந்து விழுந்தது மருமகள் தலையில்.

மகனுக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. போன விடுப்பில் வந்தபோது, ஓய்வுபெற்று வீட்டில் கை கட்டி உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்க்க அவனுக்கு என்னவோ போல் இருந்தது. ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, அதற்கொரு மேசை, பம்ப், ஹீட்டர், விளக்கு, ஒரு வாளி நிறைய கடல் உப்பு என்று எல்லாவற்றையும் கூடத்தில் கொண்டுவந்து இறக்கினான். பவளமும் மீனும் வாழும் கடல்நீர்த் தொட்டியாம். "மாசக்கணக்கா நான் கடலைத்தாம்ப்பா பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்களும் கொஞ்சம் பாருங்க," என்றான். மேசையை மட்டம் பார்த்து நிறுத்திவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான்.

மருமகளுக்கு அதைப் பார்த்த அன்றே அலுத்துவிட்டது. அவள் மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். விடிந்தால் போய் நிற்க வேண்டும். முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், அப்புறம் உப்புக் கரைசலைச் சரிபார்க்க வேண்டும், பிறகு ஒவ்வொரு நாற்காலியிலும் ஒவ்வொருவராக உட்கார, ரத்தம் குழாய் வழியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும்வரை இயந்திரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். எது கத்தினாலும் ஓட வேண்டும். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் இன்னொன்று உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

"அங்கயும் தண்ணி, உப்பு, பம்ப். இங்கயும் அதேதானா மாமா?" என்றாள், வாளியில் உப்பைக் கலக்கிக்கொண்டே.

"அங்க சம்பளம் கெடைக்குதில்ல. இங்க ஓவர்டைம்னு வெச்சுக்க," என்றார் மாமனார்.

அவர் நகரப் பேருந்து ஓட்டியவர். டிப்போவில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் வேகம் கூட்டாதவர். ஆனால் இந்தத் தொட்டி அவர் நிதானத்தையே சோதித்துவிட்டது. மணல் போட்டு, கடலிலிருந்து எடுத்த பாறைகளை அடுக்கி, உப்புநீர் ஊற்றியாயிற்று. ஆனால் உடனே மீன் விடக்கூடாது என்றார் மீன்தொட்டிக் கடைக்காரர். பாறையில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருக வேண்டும். அவை பெருகினால்தான் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும். அதுவரை வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

வருகிறவர்கள் எல்லாம் குனிந்து பார்த்துவிட்டு, "மீன் எங்கே?" என்றார்கள். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், கல்லு வளக்குறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. தீனி செலவு இல்ல, பாருங்க," என்றார் மாமனார்.

தண்ணீரைச் சோதிக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். மஞ்சளாக இருந்தால் சுத்தம். பச்சை என்றால் அம்மோனியா. பச்சை ஏற ஏற ஆபத்து. தன் தலையிலிருந்து ஒரு வேலை இறங்கியதே என்று மருமகளும் பேசாமல் இருந்துவிட்டாள். சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்குக் கொஞ்சம் கொறைஞ்சிருக்கும்மா," என்பார். அவளும் தலையாட்டிவிட்டு உள்ளே போவாள்.

ஒருநாள் வார்டில் ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காருகிற தையல்காரர் அன்று வரவில்லை. போன் செய்து கேட்டபோது, இனி வரமாட்டார் என்று தெரிந்தது. வருஷக்கணக்காக அவர் கையில் ஊசி போட்டவள் அவள். 'உன் கைதாம்மா வலிக்காது' என்று அவள் ஷிப்ட் பார்த்தே வருவார். கொஞ்ச நேரத்தில் அந்த நாற்காலியைத் துடைத்து அடுத்தவரை உட்கார வைத்தாள். வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்தால் மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"உள்ள போய்ப் பாரு."

தொட்டியில் ஒரு மீன். சுண்டுவிரல் நீளம், நல்ல நீலம். பாறைக்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

"என்னைக் கேக்காம ஏன் மாமா வாங்கினீங்க?"

"தண்ணி சுத்தமாயிடுச்சும்மா. காலைல பாத்தேன், நல்ல மஞ்சள். கடைக்காரர்கிட்டயும் சொல்லித்தான் வாங்கினேன். உனக்கும் கொஞ்சம்..."

"சாகறதுக்குன்னே ஒண்ணக் கொண்டுவந்து விட்டிருக்கீங்க. அங்க பாக்குறது போதாதா எனக்கு?"

அப்படி அவள் பேசியதே இல்லை. பையைக்கூட இறக்கி வைக்காமல் குழாயை எடுத்துத் தண்ணீர் பிடித்து மருந்து விட்டாள். குலுக்கினாள். இலையைப் பிழிந்துவிட்டது போல் பச்சை ஏறியது.

குழாயை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது மஞ்சளா?"

அவர் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தலையைச் சாய்த்து, ஒரு பக்கக் கண்ணால் பார்த்தார். குழாயைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"மஞ்சள்தானேம்மா," என்றார்.

அவளுக்குக் கோபம் வடிந்துவிட்டது. அது இருந்த இடத்தில் வேறு என்னென்னவோ வந்து நின்றது. கொஞ்ச நாளாகவே செய்தித்தாள் பிரிக்காமல் கிடந்தது. டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது விரலை உள்ளே விட்டுக்கொள்கிறார். ஒரு பக்கத்துக் கதவுநிலையில் மட்டும் தோளை இடித்துக்கொள்கிறார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். எதையும் கவனிக்கவில்லை.

"எவ்வளவு நாளா மாமா?"

அவர் குழாயை மேசையில் தடவி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "இடது பக்கம் போயி ரொம்ப நாளாச்சு. வலதும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிக்கிட்டு இருக்கு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீதானே லீவு போடணும்? அவனா கப்பல்ல இருந்து நீந்தி வரப்போறான்?" கண்ணைக் கசக்கிக்கொண்டார். "உனக்கு நின்னு நின்னு அலுப்பு. எனக்கு உக்காந்து உக்காந்து அலுப்பு. இதையாவது செய்வோமேன்னு பாத்தேன்."

அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. மீன் அடங்கியதும் வலையால் எடுத்துப் பின்பக்கச் செடிக்கடியில் புதைத்தாள். தையல்காரரைப் பற்றி அவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல், இருந்ததைச் சூடு பண்ணி இரண்டு தட்டில் போட்டாள்.

அரைநாள் விடுப்புக்கு மேலதிகாரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். கண் மருத்துவமனையில் வரிசை வாசல்வரை நின்றது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். காலையும் இரவும் சொட்டு மருந்து. விடவே கூடாது.

"தொட்டிக்கும் சொட்டு, எனக்கும் சொட்டு," என்றார் மாமனார் திரும்பி வரும்போது. அவள் சிரிக்கவில்லை. பேருந்து திரும்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கணவன் போனில் பேசியபோது, "அந்தத் தொட்டிய யாருக்காவது குடுத்துடு. உனக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்றான்.

"குடுக்கணும்னா பாறையெல்லாம் வெளிய எடுக்கணும், தண்ணிய எறைக்கணும், மேசையத் தூக்கணும். எனக்கு முதுகு விட்டுப்போச்சு. ஓடற வரைக்கும் ஓடட்டும்," என்றாள். அதுதான் உண்மை. தொட்டி பிழைத்தது அவளுடைய சோம்பலால்தான்.

சோதனையை அவள் எடுத்துக்கொண்டாள். குறைகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவது, மூடி விளிம்பில் பூக்கும் உப்பை ஈரத்துணியால் துடைப்பது, பம்ப்பைக் கவனிப்பது எல்லாம் அவர் வேலை. பம்ப்புக்கு அவருக்குக் காதே போதும். "மூச்சு வாங்குது, கழுவணும்," என்பார். திறந்தால் உள்ளே பாசி அடைத்திருக்கும். சில நாள் பச்சை, சில நாள் இன்னும் பச்சை. பிறகு ஒரு சாயங்காலம் மஞ்சள். அவள் நம்பாமல் மறுநாளும் பார்த்தாள். அப்போதும் மஞ்சள்.

முதலில் பாசி தின்னும் நத்தைகள் வந்தன. அப்புறம் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பவளம், கல்லோடு ஒட்டியபடி. அவை தாக்குப்பிடித்தன. அவளுடைய விடுமுறை நாளில் இருவரும் கடைக்குப் போய் ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கி வந்தார்கள். நாள் முழுக்கத் தூங்க வேண்டும் என்று அவள் எண்ணியிருந்த விடுமுறை அது.

மீன் பையை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டாள். இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாக வேண்டும். பையைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலக்கச் சொல்லி அவரிடம் கரண்டியைக் கொடுத்தாள். "பொறுமையா ஊத்துங்க மாமா. வலைய நான் வந்து பிடிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது பை காலியாக வாளியில் கிடந்தது. மாமனார் ஈரக் கையோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"விட்டுட்டீங்களா?"

"விட்டேன். தண்ணிக்குள்ளதான் விட்டேன்னு நெனைக்கிறேன். தரையில எதுவும் துள்ளுற சத்தம் கேக்கல."

அவள் எழுந்து தரையைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். எதுவும் தெரியவில்லை. பக்கவாட்டில் போய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள்.

"இருக்கு. ஹீட்டர் பக்கத்துல, மூலைல. ரெண்டும்."

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா நிக்குது."

"நிக்கட்டும். புது எடம்ல."

விளக்கைப் போடாமல் மறுபடி வந்து உட்கார்ந்தாள். படுக்கையறைவரை நடக்க மனமில்லை. கண் சொருகும் நேரத்தில் அவர் மெதுவாகக் கேட்டார்.

"இப்ப?"

அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அதே எடம்தான் மாமா."