நடைக்காரர் கடந்த பத்தொன்பதாம் வீடு

1931 மே மாதம் மூன்றாம் ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் கோவிலை விட்டு வெளியே வந்த நேரத்தில் எங்கள் மலைக் கிராமமான எக்மாட்டுக்குள் நுழைந்த நடைக்காரர், இருபத்திரண்டு வீடுகள் உள்ள எங்கள் ஒரே தெருவைக் கடந்து மறுமுனைக்குப் போய்ச் சேரக் கிட்டத்தட்டப் பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொண்டார். அவர் எங்கும் நிற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கீழூர்க்காரர்கள் இன்றைக்கும் அவர் எங்கள் ஊரில் நின்றுவிட்டார் என்றே சொல்லித் திரிகிறார்கள். நடந்துகொண்டுதான் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் நடுவில் ஒரு அடி. ஒரு வீட்டைத் தாண்ட அரை வருஷம். கீழூரை அவர் நாலு வருஷத்தில் தாண்டியிருந்தார், அதற்கும் கீழே ரயில் நிற்கும் ஊரை ஒரே நாளில். மேலே ஏற ஏற மெதுவாகிவிட்டார். தலையில் பச்சைத் தொப்பி, முதுகில் தோல்பை, வலது கையில் இரும்புப் பூண் போட்ட தடி. இடது கை சும்மா தொங்கும். காலையில் இமை மூட ஆரம்பித்தால் மூடி முடியச் சாயங்காலம் ஆகும்.

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் வீட்டுமுறை உண்டு. பொது அடுப்பில் ரொட்டி சுடுவது, பனியாற்றிலிருந்து புல்வெளிக்கு வரும் வாய்க்காலைப் பார்த்துக்கொள்வது, செத்தவருக்குக் குழி வெட்டுவது எல்லாம் வீட்டுக்கு வீடு முறைவைத்து நடக்கும். நடைக்காரருக்கும் அப்படியே ஒரு முறை ஏற்பட்டது. எந்த வீட்டுக்கு எதிரே இருக்கிறாரோ அந்த வீட்டார் அவர் தோளில் விழும் பனியைத் துடைப்பத்தால் தட்டிவிட வேண்டும். தொப்பியில் கூடு கட்ட வரும் குருவியை விரட்ட வேண்டும். மாடுகள் மலைக்கு ஏறும் நாளில் அவரை இடித்துவிடாமல் குறுக்கே நிற்க வேண்டும். முதல் வருஷம் சாப்பாடு கொடுத்துப் பார்த்தோம். கையில் வைத்த பாலாடைக்கட்டி வாய்க்குப் போவதற்குள் பூசணம் பூத்துவிட்டது. வருஷத்துக்கு இரண்டே தடவை சுட்டு, கோடாலியால் வெட்டித் தின்கிற எங்கள் கறுப்பு ரொட்டி மட்டும் தாக்குப்பிடித்தது. ஒரு துண்டை ஒரு குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டார்.

முதல் வீடு செவரின் வீடு. ரயிலடிக்கு அப்பால் உலகத்தைப் பார்த்தறியாத செவரின், அந்த ஆண்டு அக்டோபரில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பாசல் நகரத்தில் ஓர் அறை தனக்கு ஞாபகம் வருவதாகச் சொன்னார். அங்கே வெள்ளிச் சங்கிலிக் கடிகாரம் போட்ட ஒரு டாக்டர் இருந்தாராம். “மெதுவா போங்க. மலைக் கிராமத்த அவசரமா பாத்தா ஒண்ணும் மனசுல தங்காது. ஒவ்வொரு ஊரையும் உள்ள வாங்கிட்டுப் போங்க” என்று அவர் சொன்னாராம். அது நடைக்காரரின் ஞாபகம் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. டாக்டர் பேச்சை இவ்வளவு ஒழுங்காகக் கேட்ட நோயாளியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதே வாரத்தில் செவரின் ஒன்றை மறந்தும் போனார். சொந்தத் தம்பியோடு இருபது வருஷமாக ஏன் பேசவில்லை என்பது அடியோடு போய்விட்டது. சிரித்துக்கொண்டே தம்பி வீட்டுக்குப் போனார். தம்பிக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருந்ததால் கதவு திறக்கவில்லை.

மூன்றாம் வீட்டு கிரெஸென்சியா தன் கல்யாண நாளை இழந்து, ஏரியில் படகில் உட்கார்ந்து செர்ரிப் பழ கேக் தின்ற ஒரு மத்தியானத்தைப் பெற்றுக்கொண்டாள். “கல்யாண நாளு போனா போகட்டும். கட்டினவன் இங்கதானே கெடக்கான்? அவனயும் தூக்கிட்டுப் போயிருந்தா கோவில்ல பெரிய மெழுகுவத்தியா ஏத்தியிருப்பேன்” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். எட்டாம் வீடு தாண்டுவதற்குள் ஊருக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டது. வீட்டுக்கு ஒன்று வைப்பார், ஒன்று எடுப்பார். எடுப்பது ஜன்னல் வழியாக. வீட்டுக்குள் உட்கார்ந்து யார் எதை ரொம்ப நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ அதைத்தான் எடுப்பார், வெளியே வயலில் நிற்கிறவர்களைத் தொடமாட்டார். பதினைந்தாம் வீட்டு மோரிட்ஸ் அரை வருஷம் எல்லா ஜன்னலையும் அடைத்து வைத்தார், அவருக்கு எதுவும் போகவில்லை. வெளியே தெரியாமல் அவர் எதைக் காப்பாற்றினார் என்று அவர் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பத்தொன்பதாம் வீட்டில் தியோதூலும் அவர் மனைவி லுட்வினாவும் இருந்தார்கள். ஒரே மகள் வெரேனா. 1936 பிப்ரவரியில், ஆறு வயதில், ஆட்டுக்கொட்டிலுக்குப் புல் எடுத்துக்கொண்டு போனவளை வீட்டிலிருந்து இருபதடித் தூரத்தில் பனிச்சரிவு கொண்டுபோயிற்று. பனி உருகி, மே மாதம் கிடைத்தாள். அதன்பிறகு லுட்வினா மகளை நினைப்பதைத் தவிர வேறு எதையும் மனசோடு செய்யவில்லை. முன்பல் விழுந்த இடைவெளி, தும்மலுக்கு முன்னால் மூக்கைச் சுருக்குவது, ப்ளம் பழக் கொட்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசுவது, இவற்றைத் தினமும் ஒரு தடவை முதலிலிருந்து கடைசிவரை நினைத்துப் பார்ப்பாள், ஒன்றும் குறையவில்லையே என்று. அந்த வீட்டில் ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அவள் நிலையில் யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். “எங்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அந்தாளு அதுல கை வச்சான்னா அவன் தடிய பிடுங்கி அவன் மண்டையிலயே போடுவேன்” என்று கோவில் வாசலில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். பங்குச் சாமியார் அவளைக் கண்டிக்கவில்லை. தியோதூல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளை அன்று கொட்டிலுக்கு அனுப்பியது அவர்தான்.

1940 ஏப்ரல் கடைசியில் தியோதூல் ஏழு ஜன்னல்களுக்கும் பலகை அடித்தார். ஆணி எடுத்துக் கொடுத்தவன் நான். இடுக்குகளில் பாசியைத் திணித்தோம், சாவித் துவாரத்தை மெழுகால் அடைத்தோம். லுட்வினா பின்னாலேயே வந்து ஒவ்வொரு பலகையையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். “ஏழு” என்றாள். நாங்களும் ஏழு என்றோம். அந்தக் கோடை முழுவதும் அவர்கள் பகலில் விளக்கு வைத்துச் சாப்பிட்டார்கள். வெளியே நடைக்காரர் ஒவ்வொரு ஞாயிறும் ஓர் அடி வைத்தார். பலகைக்கு அந்தப் பக்கம் தடியின் பூண் கல்லில் உரசும் சத்தம், புதன்கிழமை ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமைவரை கேட்கும் என்று தியோதூல் சொன்னார்.

எங்கள் பக்கத்து வீடுகளில் உத்தரத்துக்குக் கீழே, ஒரு கை நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். உயிர்வழி என்போம். வீட்டில் யாராவது செத்தால் அதன் பலகையைத் தள்ளித் திறந்து, உயிர் போனதும் மூடிவிடுவோம், திரும்பி வந்துவிடக் கூடாது என்று. மற்ற நாளில் அதன் பக்கம் பார்ப்பதே இல்லை. வெரேனா வெளியே செத்ததால் அதைத் திறக்கத் தேவையில்லை என்று சாமியார் சொல்லியும், லுட்வினா திறந்தாள். திறந்து, மூடாமல் விட்டாள். உயிர் வந்தால் வரட்டும் என்றுதான். நாலு வருஷமாக அது திறந்தே கிடந்தது. அன்றைக்கு ஜன்னல்களை எண்ணியபோது அவளும் அதை எண்ணவில்லை, தியோதூலும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. எக்மாட்டில் பிறந்த எவனும் எண்ணியிருக்க மாட்டான். அது எங்களுக்கு ஜன்னல் இல்லை.

அக்டோபரில் ஒரு காலை லுட்வினா துணிப்பெட்டியைத் திறந்து ஒரு சின்னச் சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். “ஏய்யா, யாரு சட்டை இது? நல்லாத்தான் இருக்கு. பச்சப்புள்ள இருக்கற வீட்டுக்குக் கொடுத்துடலாமா?” என்று கேட்டாள். தியோதூல் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஏழும் அசையவில்லை. பிறகு அண்ணாந்து பார்த்தார். “இருக்கட்டும், உள்ளயே வை” என்று மட்டும் சொன்னாராம். அன்றைக்கே என் வீட்டுக்கு வந்து அவரே சொன்னது இது.

போனதற்குப் பதிலாக லுட்வினாவுக்கு நீந்தத் தெரிந்துவிட்டது. மாட்டுத் தொட்டியைவிட ஆழமான தண்ணீரைப் பார்த்திராதவள், புல் போர்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு கையை எப்படி வீச வேண்டும், மூச்சை எப்போது விட வேண்டும் என்று பெண்களுக்குக் காட்டினாள். உடம்பு தேறியது. பாட்டுக்கூட வந்தது. பூசை முடிந்து கூடிய ஆண்கள், அவளிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை என்று கை தூக்கி முடிவு செய்தோம். தியோதூலும் தூக்கினார். ஆனால் அன்றிலிருந்து வெரேனாவை நினைப்பது அவர் ஒருவர் தலையில் விழுந்தது. மூக்கைச் சுருக்குவது தும்மலுக்கு முன்னாலா பின்னாலா என்று ஒருநாள் என்னைக் கேட்டார்.

நவம்பரில் முதல் பனி விழுந்தபோது, நடைக்காரரின் காலடிக்குப் பக்கத்தில், இடது பக்கமாக, இன்னொரு தடம் இருந்தது. சின்னது. வெறுங்கால். அவர் ஒன்று வைத்தால் அது இரண்டு வைத்தது. சும்மா தொங்கிக்கொண்டிருந்த அவருடைய இடது கை கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி, டிசம்பர் பாதிக்குள் எதையோ பற்றியிருக்கும் கையாகிவிட்டது. நடை இன்னும் மெதுவாயிற்று. ஓர் அடிக்கு ஏழு நாள் போய் ஒன்பது நாள். பக்கத்தில் வருவது சின்னக் கால் அல்லவா. தெரு முடிந்து மலைமேல் ஏறும் பாதை கணவாய்க்குத்தான் போகும்; அதற்கு அந்தப் பக்கம் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது, அவர் முகம் அந்தப் பக்கம்தான் இருந்தது. கிரெஸென்சியா தடத்தைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டாள். அன்று அவள் வாயிலிருந்து ஒரு கேலியும் வரவில்லை.

நடைக்காரர் அப்போது இருபதாம் வீட்டு எதிரில் இருந்தார். அந்த வீட்டு ஆண்கள் எல்லைக் காவலுக்குப் போயிருந்தார்கள், இருந்த ஒரே பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். முறை செய்ய ஆளில்லை என்றால் முந்தைய வீடு செய்ய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கை தூக்கி முடிவு செய்த அத்தனை பேரில் ஒருவனுக்கும் இது தோன்றவில்லை. லுட்வினா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள், பனியைத் தட்டினாள், திரும்பி வந்தாள். தியோதூல் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

“ஏய்யா, அந்தாளு பக்கத்துல ஒரு புள்ள நடந்து போவுதே, பாத்தியா?”

“புள்ள தெரிஞ்சுதா?”

“புள்ள எங்க தெரியுது? தடந்தான். அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கு. இந்தக் குளிர்ல வெறுங்காலோட. பெத்தவங்கன்னு யாரும் இல்லியா அதுக்கு?”

“இருக்காங்க” என்றார் தியோதூல். கோடாலியைக் கீழே வைத்தார். “நாமதான்.”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பெயர், பல், ப்ளம் கொட்டை, கொட்டில், அனுப்பியது யார் என்பது. சொல்லி முடிப்பதற்குள் அடுப்பு அணைந்துவிட்டது. லுட்வினா பக்கத்து வீட்டுத் துக்கத்தைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பாவம் என்று இரண்டு தடவை சொன்னாள்.

“எனக்கு ஒண்ணும் வரலியேய்யா. முகங்கூட வரல.”

“என்னத் திட்டு. நாலு வருஷமா நீ திட்டல. மனசுக்குள்ளயே வச்சிருந்த.”

“ஞாபகம் இருந்தா திட்டியிருப்பேனோ என்னமோ.” அவள் எழுந்தாள். “ஞாபகம் இல்லாட்டி என்ன, காலு குளிருமில்ல? பெட்டியில ஒரு சின்ன பூட்ஸ் பாத்தேன். எந்திரி, எடு.”

வெரேனா பூசைக்கு மட்டும் போடும் தோல் பூட்ஸ் அது. கொட்டிலுக்கு அவள் மரச்செருப்பில்தான் போயிருந்தாள். இருவரும் போய், அடுத்த அடி விழப்போகும் இடத்தில், நுனி கணவாயைப் பார்க்கும்படி ஜோடியாக வைத்தார்கள். நாங்கள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் வெளியே போகவில்லை. ஒன்பதாம் நாள் அங்கே பூட்ஸ் இல்லை. பனியில் ஆணி வைத்த சின்ன அடிப்பாகம் இரண்டு தடவை பதிந்திருந்தது.

அதன்பிறகு அந்தக் குளிர்காலமும் அடுத்த கோடையும் அவர்கள் இருவரும் தினமும் கொஞ்ச நேரம் நடைக்காரரின் இடது பக்கம் போய் உட்கார்ந்தார்கள். முதலில் தியோதூல் பேசுவார், லுட்வினா கேட்பாள். ஜூனில் அவள் தனியாகவும் போக ஆரம்பித்தாள். என்ன பேசினாள் என்று தெரியாது. ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்து, “மூக்கச் சுருக்குனா தும்மல் வருதுன்னு அர்த்தம், முன்னாலதான்” என்று தியோதூலிடம் சொன்னாள். அவர் அதை அவளுக்குச் சொல்லியிருக்கவே இல்லை.

1941 செப்டம்பரில் வருஷா வருஷம் வருகிற செருப்புத் தைப்பவர் ஊருக்கு வந்து, வீட்டுக்கு வீடு உட்கார்ந்து தைத்துக்கொண்டே பத்தொன்பதாம் வீட்டுக்கும் வந்தார். லுட்வினா சின்னப் பிள்ளைக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வேண்டும், பழசு கடிக்கிறது என்றாள். அவர் தியோதூலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பிறகு எழுந்து போய் நடைக்காரருக்குப் பக்கத்தில் சேற்றில் பதிந்திருந்த தடத்தில் நூலை வைத்து அளவெடுத்துக்கொண்டு வந்தார்.

“எத்தன வயசு?” என்று கேட்டார்.

இருந்திருந்தால் பத்து வயசு, பதினோரு வயசு என்று தியோதூல் மனசுக்குள் எப்போதும் எண்ணிக்கொண்டிருந்தவர். வாயைத் திறந்தார்.

“ஏழு” என்றாள் லுட்வினா. “இப்பத்தான் முடிஞ்சுது.”

தியோதூல் ஆமென்று தலையாட்டினார்.

“வளர்ற புள்ள. வெரலுக்கு எடம் விட்டே தைக்கிறேன்” என்று சொல்லி, செருப்புத் தைப்பவர் தோலை மடியில் விரித்து வெட்ட ஆரம்பித்தார்.