பூசணிக்காயை யார் உடைப்பது?

எங்கள் மோட்டார் ரிப்பேர் செக்‌ஷனுக்கு விஜயகுமாரி மேடம் தலைமை அதிகாரியாக வந்து மாதங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் ஆண்கள் எல்லாம் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த கோபாலகிருஷ்ணன் சாரிடம்தான் போய் நிற்பார்கள். மேடம் போட்ட உத்தரவுக்கும், "செய்யலாங்களா சார்?" என்று அவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வார்கள். டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெட்டவர்கள் என்றால் சண்டையாவது போடலாம். பொம்பளைக்கு எதற்கு இந்தத் தலைவலி என்று பாசமாக ஒதுக்குகிறவர்களை என்ன செய்வது!

1981 ஆயுத பூஜைக்கு முதல் நாள் கோபாலகிருஷ்ணன் சார் மேடத்தின் அறைக்கு வந்தார். பூஜை முடிந்ததும் ஒர்க்‌ஷாப் வாசலில் செக்‌ஷன் தலைவர் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பது எங்கள் வழக்கம்.

"பொம்பளைங்க பூசணிக்காய் உடைக்கிறதில்லையே மேடம். அதை நான் பாத்துக்கறேன். நீங்க சுண்டல் குடுங்க, போதும்."

"சரிங்க சார்" என்றுவிட்டார் மேடம்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி குவார்ட்டர்ஸ் பிளாக்குக்கு நடக்கும்போது அவரைப் பிடித்துக்கொண்டேன். ஆபீசுக்கு வெளியே அவர் எனக்கு அக்கா.

"ஏன்க்கா விட்டுக்குடுத்தீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எங்க வீட்ல பூஜை அன்னிக்கு அப்பா டூட்டிக்குப் போயிட்டா, அம்மா கைக்குழந்தையா இருந்த தம்பியைத் தூக்கிட்டு வந்து தேங்காயைத் தொட வச்சுட்டுத்தான் உடைப்பாங்க. பக்கத்துலயே நிக்கிற என்னைத் தொடச் சொன்னதில்லை. இப்ப ஒரு உத்தரவு போடணும்னாலும், யாராவது ஒரு ஆம்பளை தொட்டாத்தான் செல்லும்னு எனக்கே தோணுது சந்திரா. லீவு முடிஞ்சதும் டிசைன் ஆபீசுக்கு மாத்தல் கேட்டுடறேன். அங்க யாரையும் வேலை வாங்க வேண்டாம்."

இவர் போய்விட்டால், "ஒண்ணு வந்துச்சு, தாக்குப்பிடிக்கலை" என்று சொல்லியே இன்னொரு பெண்ணை அந்த நாற்காலிப் பக்கம் விடமாட்டார்களே!

மறுநாள் மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்துப் பூஜை முடிந்தது. கோபாலகிருஷ்ணன் சார் கற்பூரம் எரியும் பூசணிக்காயைக் கையில் எடுத்தார். எரிச்சலோடு அவரை முறைத்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐயையோ சார், கீழ வைங்க! ஜானகி மாசமா இருக்கறப்ப நீங்க உடைக்கலாமா?"

ஜானகி அவர் மனைவி, என் பக்கத்துக் குவார்ட்டர்ஸ். பல வருஷம் ஏங்கி இப்போதுதான் உண்டாகியிருந்தாள். மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் புருஷன் பூசணிக்காய் உடைக்கக்கூடாது என்பதும் வழக்கம்தானே. பூஜை பரபரப்பில் மனுஷர் மறந்தே போயிருந்தார், பாவம். முகம் வெளுத்து அதைக் கீழே வைத்தார்.

"நான் உடைக்கேன் சார்" என்று ஃபோர்மேன் சங்கரலிங்கம் முன்னால் வந்தார்.

"இருங்க அண்ணாச்சி." மேடத்தின் குரல் நடுங்கத்தான் செய்தது. "இது என் செக்‌ஷன். இங்க இருக்கறவங்களுக்கு நான்தான் சுத்திப் போடணும். சாரோட குழந்தைக்கும் சேர்த்து."

முந்தானையை இடுப்பில் செருகி, பூசணிக்காயை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றிக் கீழே போட்டார். சனியன், உடையாமல் உருண்டு ஓடியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எவன்யா அது?" என்று அதட்டியவர் கோபாலகிருஷ்ணன் சார். அவரே ஓடிப்போய் எடுத்துவந்து மேடத்தின் கையில் கொடுத்தார். "தலைக்கு மேல தூக்கி ஓங்கிப் போடுங்க மேடம்."

இந்த முறை உடைந்தது. வாசலெல்லாம் குங்குமச் சிவப்பு.

எல்லாரும் சுண்டல் வாங்கிக்கொண்டு கிளம்பியபின், சார் மேடத்தின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரவில்லை.

"லீவு முடிஞ்சு வர்ற அன்னிக்கு ஜானகியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். காலையில கொஞ்ச நேரம் பெர்மிஷன் வேணும் மேடம்."

அதுவரை அவர் மேடத்திடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. போகிற போக்கில் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிதானமா போயிட்டு வாங்க சார். வந்தப்புறம் ரிப்பேருக்கு வந்திருக்கற அந்தப் பெரிய மோட்டாரைப் பிரிச்சுப் பாக்கலாம். நானும் கூட இருப்பேன்."

சுண்டல் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு, நான் வெட்கமில்லாமல் அழுதேன்.