இடது கடைவாய்

பெட்டியருகே வந்த அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு வெளியே போய், கதவில் ஒட்டியிருந்த பெயரைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். பெயர் சரியாகத்தான் இருந்தது. மறுபடி எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா இது?" என்று என்னைக் கேட்டார்.

மணி பத்து. பதினொன்றுக்கு இறுதிச் சடங்கின் நேரலை. படிப்பைப் பாதியில் விட்டு, ஆஸ்பத்திரிப் பிணவறையில் நைட் ஷிப்ட் பார்த்து, அங்கிருந்து இந்தச் சவ அடக்க நிலையத்துக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, உடுத்திக் கிடத்தியிருக்கிறேன். சொந்தப் பெண்டாட்டியே யார் என்று கேட்ட பிணம் இதுதான் முதல்.

எங்கள் முதலாளிக்கு நான் வைத்த பெயர் கருத்தரங்கு. வருடத்துக்கு இரண்டு முறை எங்கேயாவது போய், கழுத்தில் அட்டை மாட்டி உட்கார்ந்து, தொழிலின் எதிர்காலத்தைக் கேட்டுவிட்டு வருவார். ஒருமுறை வாசனை மெஷின் வந்தது. மழை பெய்த காடு என்று டப்பாவில் எழுதியிருக்கும். கழுவிவிட்ட கக்கூஸ் போல மணக்கும். அடுத்த முறை, பிணம் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று வந்தது. விருந்தினர் என்று சொல்ல வேண்டுமாம். "விருந்தினருக்கு மருந்து ஏத்தியாச்சா?" என்று அவர் கேட்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தொழிலை ஆரம்பித்த அவர் மாமனார் மட்டும் என்ன யோக்கியம்? பெட்டியின் பித்தளைக் கைப்பிடிகளைக் கடைசி நிமிடத்தில் கழற்றி அடுத்த பெட்டியில் மாட்டியவர். ஆனால் அவருக்குத் திருட்டு மட்டும்தான் தெரியும். இவருக்குத் தொலைநோக்கு வேறு இருக்கிறது.

கடைசியாக வந்தது ஒரு படிவம். எந்த வயதுத் தோற்றம் வேண்டும் என்று கேட்டு நான்கு கட்டங்கள். பிடித்த படத்தை இணைத்தால் போதும், போனவரை அந்த வயதுக்குக் கொண்டுபோய்விடுவோம். வெளிநாட்டில் இருக்கும் அந்த அம்மாவின் மகன் அதை போனிலேயே நிரப்பி அனுப்பியிருந்தான். படத்தில் அவன் அப்பா கோட்டுப் போட்டு, ஏதோ மேடையில் கேடயம் வாங்கிக்கொண்டிருந்தார். உதடு நேராக, கொஞ்சம் கர்வமாக இருந்தது.

எங்களிடம் வந்தபோது அந்த வாய் அப்படி இல்லை. பக்கவாதம் வந்து இடது கடைவாய் சரிந்து, கன்னம் காலிப் பை போலத் தொங்கியது. உள்பக்கம் ஒரு தையல் போட்டு இழுத்துக் கட்டினேன். கன்னத்துக்குள் பஞ்சு வைத்து, உதட்டில் மெழுகு தடவி, படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். பிறகுதான் உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றியது. மருந்து ஏறிவிட்டால் சதை வைத்தது வைத்தபடி இறுகிவிடும். கருத்தரங்கு வந்து பார்த்து என் தோளைத் தட்டினார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். அதை இப்போது சொல்லாமல் விட்டால் நான் அவரைவிடக் கேவலமானவன்.

அந்த அம்மா கத்தவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னார்:

"பதினோரு வருஷம் வலது பக்கமாத்தான் ஊட்டினேன். இடது பக்கம் ஒழுகும், துடைச்சிக்கிட்டே இருப்பேன். கோட்டுப் போட்ட மனுஷன் என்னை ஏறெடுத்துப் பாத்ததே கிடையாது. வாய் கோணினதுக்கப்புறம்தான் என்கிட்ட பேசினாரு. அவரை எனக்குக் காட்டுப்பா. காட்டிட்டு எடுத்துட்டுப் போ."

கருத்தரங்கு ஓடி வந்தார். குரலில் வெண்ணெய் தடவி, அம்மா, உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது என்று ஆரம்பித்தார். மகனை வீடியோவில் கூப்பிட்டு, போனை அந்த அம்மா முன்னால் நீட்டினார்.

"அம்மா, அப்பா எவ்வளவு அழகா இருக்காரு பாரும்மா," என்றான் மகன். "ஆபீஸ்ல எல்லாரும் பாக்கப் போறாங்க. அந்த மூஞ்சியோடவா காட்டறது?"

"அந்த மூஞ்சியை நீ எத்தனை தடவைடா பாத்திருக்க?"

அவன் கணக்குப் போடுவது திரையில் தெரிந்தது. அதற்குள் சிக்னல் சரியில்லை என்று சொல்லி மறைந்துவிட்டான். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

கருத்தரங்கு என்னை ஓரமாக இழுத்தார். "தம்பி, படிவத்துல கையெழுத்து யாருது? பையனுது. அதுல கை வைக்காத."

"உங்க அப்பாவுக்குப் போட்டுக்குங்க சார் அந்தப் படிவத்தை," என்று சொல்லிவிட்டு வளைந்த கத்தரியை எடுத்துவந்தேன்.

உதட்டைத் தூக்கித் தையலை வெட்டினேன். பஞ்சை உருவினேன். மெழுகைத் துணியால் துடைத்தேன். வாய் அசையவில்லை. கோட்டுப் போட்டவர் நேரான உதட்டோடு என்னைக் கேலி செய்தபடி கிடந்தார். என் வேலை அவ்வளவு சுத்தம்.

இனி அந்தக் கோணலை மெழுகில்தான் செய்ய வேண்டும். எப்படி இருந்தது? எனக்கு நினைவில்லை. வந்த கோலத்தைப் படம் எடுக்கக் கூடாது, நிறுவனத்தின் பெயருக்கு நல்லதல்ல என்பது கருத்தரங்கின் சட்டம். மூன்று மணி நேரம் அந்தக் கேடயப் படத்தையே பார்த்தவன் நான். கைக்கடியில் கிடந்த முகத்தைப் பார்க்கவே இல்லை.

"உங்ககிட்ட போட்டோ இருக்காம்மா? நோயில விழுந்ததுக்கப்புறம் எடுத்தது?"

"எடுக்க விடமாட்டாரு."

 பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு எனக்கு எதிரே நின்று, சுட்டுவிரலைத் தன் இடது கடைவாயில் வைத்துக் கீழே இழுத்தார். போதவில்லை என்று தலையை ஆட்டி இன்னும் இழுத்தார். கீழ் ஈறு தெரிந்தது. இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். சட்டென்று அவர் முகம் வேறு யாருடையதாகவோ ஆனது. முந்தாநாள் மேஜையில் வந்து கிடந்தவர் எழுந்து எனக்கு முன்னால் நின்றார்.

நான் மெழுகை உருட்டி ஒட்ட ஆரம்பித்தேன். அவர் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தேன். கூடத்தில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். கருத்தரங்கு கேமராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் கருத்தரங்கில் வாங்கியதுதான். குறித்த நேரத்துக்குத் தானே ஓடும், ஆள் தேவையில்லை என்று அவர் பீற்றிக்கொண்டது. எப்படி நிறுத்துவது என்று மட்டும் அங்கே யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

பதினொன்றுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. சுவரில் இருந்த திரையில் பெட்டி, என் முதுகு, விரலால் வாயைக் கோணலாக இழுத்தபடி நிற்கும் ஒரு கிழவி. கீழே, பார்ப்பவர்கள் அறுபத்து மூன்று பேர் என்று வந்தது. கருத்தரங்கு கேமராவுக்கும் எங்களுக்கும் நடுவே கைகூப்பிக்கொண்டு வந்து நின்றார். கூப்பிய கைகளுக்கு மேலே அந்த அம்மாவின் முகம் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

"ஆச்சாப்பா?" என்றார், விரலை எடுக்காமல். சொல் வாயின் வலது பக்கத்திலிருந்து மட்டும் குழறி வந்தது.

"இன்னும் கொஞ்சம்."

கடைவாயில் எச்சில் கோத்து முகவாய்க்கு இறங்கியது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. புடவைத் தலைப்பை இன்னொரு கையால் எடுத்து, குனிந்து, பெட்டிக்குள் நான் வைத்த மெழுகின் ஓரத்தை ஒற்றினார்.